ஹெட்லெஸ் பிரவுசர் அடிக்கடி விழுகிறதா? அதே கன்டெய்னரில் சரிசெய்வதா, தனியாகப் பிரிப்பதா, ஹோஸ்டுக்கு மாற்றுவதா

வீட்டு சர்வரில் டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுபவர்களிடமிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இணையப் பக்கம் மாறினால் தகவல் சொல்லும் செயலி, கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் செயலி, பக்கத்தை பிடிஎஃப் ஆக்கித் தரும் செயலி என்று ஏதோ ஒன்றை நிறுவியிருப்பார்கள். அதற்குள் ஒரு குரோமியம் பிரவுசர் திரையில்லாமல், அதாவது ஹெட்லெஸாக, ஓடிக்கொண்டிருக்கும். முதல் சில நாட்கள் பிரச்சினை இருக்காது. அப்புறம் ஒருநாள் லாக் முழுக்க "பேஜ் கிராஷ்டு", "டார்கெட் குளோஸ்டு", "நேவிகேஷன் டைம்அவுட்" என்று வரத் தொடங்கும். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், மறுபடி விழும்.

இந்த இடத்தில் நான்கு வழிகள் கண்ணுக்குத் தெரியும். இருக்கும் கன்டெய்னரிலேயே அமைப்புகளைத் திருத்துவது, பிரவுசரை மட்டும் தனி கன்டெய்னராகப் பிரிப்பது, டாக்கரை விட்டுவிட்டு நேரடியாக ஹோஸ்டிலோ (டாக்கர் ஓடும் கணினியிலோ) விர்ச்சுவல் மெஷினிலோ ஓட்டுவது, பிரவுசரே இல்லாமல் வேலையை முடிப்பது. பலர் முதல் கிராஷைப் பார்த்ததுமே இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள். என் கருத்து வேறு. எதனால் விழுகிறது என்று தெரியாமல் இடம் மாற்றினால், பழைய கோளாறும் கூடவே வரும். அதனால் வழிகளை எடைபோடுவதற்கு முன் கோளாறைப் பார்த்துவிடுவோம்.

## முதலில் எதனால் விழுகிறது என்று பாருங்கள்

சிறிய பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றன, படங்கள் நிறைந்த நீளமான பக்கங்கள் மட்டும் கிராஷ் ஆகின்றன என்றால் சந்தேகம் முதலில் பகிர்வு நினைவகத்தின் மேல் விழ வேண்டும். குரோமியம் தன் ப்ராசஸ்களுக்கு இடையே படங்களையும் மற்ற தரவையும் கைமாற்ற டெவ்/எஸ்எச்எம் என்ற இடத்தைப் பயன்படுத்துகிறது. டாக்கர் தன் கன்டெய்னர்களுக்கு இதை 64 எம்பி மட்டுமே ஒதுக்குகிறது. சாதாரண லினக்ஸ் கணினியில் அதே இடம் மொத்த ரேமில் பாதி அளவுக்கு இருக்கும். கன்டெய்னருக்குள் நுழைந்து 'டிஎஃப்' கட்டளை கொடுத்து அந்த வரியைப் பாருங்கள். 64 என்று இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி கிடைத்துவிட்டது.

கன்டெய்னரே நின்றுபோய், வெளியேறிய எண் 137 என்று காட்டினால் கதை வேறு. 128 உடன் 9 சேர்ந்தது அந்த 137. ஒன்பதாம் எண் சிக்னல் வந்தால் ப்ராசஸ் மறுபேச்சில்லாமல் சாகும். வீட்டு சர்வரில் அதை அனுப்புவது பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துபோன கர்னல்தான். 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' வெளியீட்டில் 'ஓஓஎம்-கில்டு' (நினைவகம் தீர்ந்ததால் கொல்லப்பட்டது) என்ற வரி உண்மை என்று இருக்கிறதா பாருங்கள், ஹோஸ்டில் கர்னலின் லாக்கைக் காட்டும் 'டிமெசெக்' பாருங்கள். கன்டெய்னர் நிற்காமல் உள்ளே இருந்த ஒரு டேபின் ப்ராசஸை மட்டும் கர்னல் கொன்றிருந்தால் செயலியின் லாக்கில் காரணம் தெரியாது. 'டிமெசெக்'கில் குரோம் என்ற பெயருடன் பதிவாகியிருக்கும்.

மூன்றாவது வகை மெதுவாகக் கொல்லும். கன்டெய்னருக்குள் 'பிஎஸ்' கட்டளை கொடுத்தால் 'டிஃபங்க்ட்' என்று குறிக்கப்பட்ட குரோம் ப்ராசஸ்கள் வரிசையாக நிற்கும். செத்த குழந்தை ப்ராசஸ்களை அறுவடை செய்வது வழக்கமாக முதல் எண் ப்ராசஸின் வேலை. கன்டெய்னரில் அந்த முதல் எண்ணில் உங்கள் நோட் அல்லது பைத்தான் செயலி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அந்தப் பழக்கம் இல்லை. நாட்கள் போகப் போக எண்ணிக்கை ஏறி, புதிய ப்ராசஸ் தொடங்கவே முடியாத நிலை வரும். சில நாள் நன்றாக ஓடிவிட்டு விழுகிறது என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

நான்காவது, லாகின் நிலையைத் தக்கவைக்க ப்ரொஃபைல் கோப்புறையை வால்யூமில் (கன்டெய்னர் அழிந்தாலும் மிஞ்சும் சேமிப்பிடத்தில்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும். கன்டெய்னரை மறுபடி உருவாக்கியதும் "இந்த ப்ரொஃபைலை வேறொரு கணினியில் இன்னொரு குரோம் பயன்படுத்துகிறது" என்று சொல்லிவிட்டு பிரவுசர் திறக்க மறுக்கும். அந்தக் கோப்புறையில் 'சிங்கிள்டன்-லாக்' என்ற ஒரு இணைப்பு இருக்கும். அது காட்டுவது கணினிப் பெயரும் ப்ராசஸ் எண்ணும்தான். டாக்கர் ஒவ்வொரு புதிய கன்டெய்னருக்கும் புதிய பெயர் வைப்பதால் குரோம் அதை வேறு கணினி என்று நம்பிவிடுகிறது. தொடக்க ஸ்கிரிப்டில், பிரவுசர் ஓடவில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில், அந்த இணைப்பை அழித்துவிட்டால் போதும்.

இந்த நான்கில் எதுவும் பிரவுசரைத் தனி கன்டெய்னருக்கு மாற்றுவதால் தானாகச் சரியாகாது. அங்கேயும் அதே 64 எம்பிதான்.

## எதை வைத்து எடைபோடுவது

- எது சேர்ந்து விழுகிறது: பிரவுசர் செத்தால் செயலியும் சாகிறதா, அல்லது அந்த ஒரு வேலை மட்டும் தோற்கிறதா.
- நினைவகம்: சும்மா இருக்கும்போது எவ்வளவு, கனமான பக்கத்தில் எவ்வளவு, அதற்கு வரம்பு போட முடியுமா.
- பதிப்புப் பிணைப்பு: செயலியைப் புதுப்பித்தால் பிரவுசரையும் கூடவே புதுப்பிக்க வேண்டுமா.
- பாதுகாப்பு: திறக்கும் பக்கம் தீங்கானது என்றால் அதன் கை எதுவரை நீளும்.
- கண்ணுக்குத் தெரிவது: கோளாறு வரும்போது பிரவுசர் என்ன பார்க்கிறது என்று உங்களால் பார்க்க முடியுமா.

பாதுகாப்பை மட்டும் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டு சர்வரில் அதைப் பலர் மதிப்பதில்லை. உங்கள் பிரவுசர் கன்டெய்னர் வீட்டு நெட்வொர்க்குக்குள் நிற்கிறது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கம், என்ஏஎஸ், பாஸ்வேர்டு இல்லாமல் விட்டிருக்கும் மற்ற செயலிகள் எல்லாம் அதற்கு எட்டும். முன்பின் தெரியாத யுஆர்எல்களைத் திறக்கும் ஒரு பிரவுசரை அந்த இடத்தில் வைப்பது சிறிய விஷயமில்லை.

## வழி 1: அதே கன்டெய்னரில் சரிசெய்வது

பலருக்கு இங்கே மூன்று வரி மாற்றம் போதும். கன்டெய்னர்களின் அமைப்புகளை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் 'எஸ்எச்எம்-சைஸ்' 1 ஜிபி என்று கொடுங்கள். 'இனிட்' உண்மை என்று கொடுங்கள். டாக்கர் ஒரு சிறிய முதல் ப்ராசஸை வைத்து செத்த ப்ராசஸ்களை அறுவடை செய்துகொள்ளும். நினைவக வரம்பு ஒன்று போடுங்கள். இதோடு பாதிப் பேருடைய பிரச்சினை முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

'டிசேபிள்-டெவ்-எஸ்எச்எம்-யூசேஜ்' என்ற குரோம் கொடியைச் சேர்க்கச் சொல்லி எங்கும் எழுதியிருப்பார்கள். வேலை செய்யும். ஆனால் அது செய்வது பகிர்வு நினைவகத்துக்குப் பதிலாக டெம்ப் கோப்புறையில் எழுதுவது. கன்டெய்னரில் டெம்ப் என்பது பொதுவாக வட்டில் இருக்கிறது. எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்ப்பெரி பையில் அதன் விலை வேகத்திலும் கார்டின் ஆயுளிலும் தெரியும். கம்போஸ் கோப்பைத் தொட முடியாத இடத்தில் மட்டும் இந்தக் கொடியை வையுங்கள். எஸ்எச்எம் அளவைக் கூட்டும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அங்கே எழுதப்படுவதும் கன்டெய்னரின் நினைவக வரம்புக்குள்ளேயே கணக்காகும். 512 எம்பி வரம்பு போட்டுவிட்டு 1 ஜிபி எஸ்எச்எம் கொடுத்தால் 64 எம்பி சிக்கல் போய் 137 வந்து நிற்கும்.

'சிங்கிள்-ப்ராசஸ்' என்ற கொடியைச் சிலர் நினைவகம் மிச்சமாகும் என்று பரிந்துரைப்பார்கள். வேண்டாம். ஒரு பக்கம் விழுந்தால் பிரவுசர் முழுவதும் விழும்.

சாண்ட்பாக்ஸ், அதாவது திறக்கும் பக்கம் மற்றவற்றைத் தொடாமல் பிரவுசர் போடும் வேலி, அந்த விஷயத்துக்கு வருவோம். கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடினால் குரோம் தொடங்கவே மறுக்கும்; 'நோ-சாண்ட்பாக்ஸ்' கொடி கேட்கும். ரூட் இல்லாத பயனராக ஓடினாலும், சாண்ட்பாக்ஸுக்குத் தேவையான யூசர் நேம்ஸ்பேஸை (பயனர் அடையாளங்களைத் தனியாகப் பிரிக்கும் கர்னல் வசதி) உருவாக்க டாக்கரின் இயல்பான செக்காம்ப் விதிகள் (எந்தக் கர்னல் அழைப்புகளுக்கு அனுமதி என்ற பட்டியல்) விடுவதில்லை. மூன்று தீர்வுகள் உண்டு. 'நோ-சாண்ட்பாக்ஸ்' கொடுப்பது எளிது, பிரவுசரின் முக்கியப் பாதுகாப்புச் சுவர் போய்விடும். 'சிஸ்-அட்மின்' அதிகாரம் கொடுப்பதும் வேலை செய்யும், ஆனால் அந்த ஒரு அதிகாரத்துக்குள் மவுன்ட் செய்வது உட்பட ஏகப்பட்டவை அடங்கியிருக்கின்றன. ஒரு சுவரைக் காக்க இன்னொன்றை இடிப்பது அது. மூன்றாவது, யூசர் நேம்ஸ்பேஸ் அழைப்புகளை மட்டும் கூடுதலாக அனுமதிக்கும் தனி செக்காம்ப் கோப்பு. பிரவுசரை நிரலால் ஓட்டும் லைப்ரரியான பிளேரைட் திட்டமே அப்படி ஒரு கோப்பைத் தருகிறது. தெரியாத தளங்களைத் திறக்கிறீர்கள் என்றால் ரூட் இல்லாத பயனரும் இந்தக் கோப்பும்தான் ஒழுங்கான வழி. உங்கள் சொந்த ஹெச்டிஎம்எல் பக்கங்களை மட்டும் பிடிஎஃப் ஆக்குகிறீர்கள் என்றால் 'நோ-சாண்ட்பாக்ஸ்' போதும், தூக்கம் கெட வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு பதிப்புப் பிணைப்பில் இருக்கிறது. பிளேரைட்டின் ஒவ்வொரு பதிப்பும் தனக்கென்று குறித்த பிரவுசர் கட்டமைப்பைத்தான் தேடும். இமேஜின் (கன்டெய்னரை உருவாக்கும் மூல அச்சின்) டேக் ஒரு பதிப்பு, உள்ளே நிறுவிய லைப்ரரி இன்னொரு பதிப்பு என்றால் "இயங்கு கோப்பு இல்லை" என்ற பிழை வரும். லைப்ரரியை மட்டும் புதுப்பித்துவிட்டு இமேஜை மறப்பவர்கள் எல்லோருக்கும் இது வரும். இரண்டையும் ஒரே எண்ணில் பூட்டிவையுங்கள்.

சொந்தமாக இமேஜ் கட்டுபவர்களுக்கு இன்னும் சில பள்ளங்கள். உபுண்டு அடிப்படையில் 'குரோமியம்-பிரவுசர்' தொகுப்பை ஆப்ட் மூலம் நிறுவினால் கிடைப்பது ஸ்னாப்புக்கு வழிகாட்டும் வெற்றுத் தொகுப்பு. கன்டெய்னருக்குள் ஸ்னாப் ஓடாது. டெபியன் அடிப்படையில் அந்தச் சிக்கல் இல்லை. அல்பைன் லினக்ஸ் சின்னதாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டால், அதன் சி லைப்ரரி வேறு என்பதால் பிளேரைட் அங்கே அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படவில்லை. அல்பைனின் சொந்த குரோமியம் தொகுப்பை, பிளேரைட் போன்ற இன்னொரு லைப்ரரியான பப்பட்டீருக்குக் காட்டி ஓட்டலாம், பதிப்புகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. ஆர்ம் செயலி உள்ள போர்டுகளில் பப்பட்டீர் தானாகப் பதிவிறக்கும் குரோம் எக்ஸ்86-க்கான கோப்பாக இருந்து, "எக்ஸிக் ஃபார்மட்" பிழை கொடுக்கலாம். அங்கே டிஸ்ட்ரோவின் குரோமியத்தை நிறுவி, அதன் பாதையைச் சொல்லிவிடுவது நல்லது.

ஸ்கிரீன்ஷாட்டில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தால் பிரவுசரைத் திட்ட வேண்டாம். இமேஜில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். டெபியன், உபுண்டுவில் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் ஒழுங்காக வரும். இதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: பிரவுசர் எந்த கன்டெய்னரில் இருக்கிறதோ அங்கே இருக்க வேண்டும் எழுத்துரு, செயலி இருக்கும் கன்டெய்னரில் இருந்து பயனில்லை.

எப்போது இதுவே சரி: ஒரே ஒரு செயலிதான் பிரவுசரைப் பயன்படுத்துகிறது, செயலியை எழுதியவர்களே பிரவுசரோடு சேர்த்த இமேஜ் தருகிறார்கள், ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பக்கம்தான் திறக்கிறது.

## வழி 2: பிரவுசரைத் தனி கன்டெய்னராகப் பிரிப்பது

இதன் பெரிய பலன் ஒன்றுதான், ஆனால் அது உண்மையில் பெரிது. பிரவுசர் விழுந்தால் செயலி விழாது. அந்த ஒரு வேலை தோற்கும், பிரவுசர் கன்டெய்னர் தானாக எழும், அடுத்த முறை சரியாகும். நினைவக வரம்பைப் பிரவுசருக்கு மட்டும் இறுக்கமாகப் போடலாம். இரண்டு மூன்று செயலிகள் ஒரே பிரவுசரைப் பகிரலாம், அவை ஒவ்வொன்றும் தன் வயிற்றில் ஒரு குரோமியத்தைச் சுமக்க வேண்டாம்.

செயலி நெட்வொர்க் வழியாகப் பிரவுசரிடம் பேசும். வெறும் குரோமியமாக இருந்தால், வெளியிலிருந்து பிரவுசரை ஓட்ட உதவும் டிபக் போர்ட் 9222. இங்கேதான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். கம்போஸில் பிரவுசர் சர்வீஸுக்கு 'குரோம்' என்று பெயர் வைத்து, செயலியிலிருந்து அந்தப் பெயரும் 9222-ம் போட்டு இணைந்தால், "ஹோஸ்ட் ஹெட்டர் ஐபி முகவரியும் இல்லை, லோக்கல்ஹோஸ்டும் இல்லை" என்று குரோம் மறுத்துவிடும். இது கோளாறு இல்லை. தீங்கான இணையதளம் ஒன்று டிஎன்எஸ் தந்திரத்தால் உங்கள் டிபக் போர்ட்டைத் தொடாமல் இருக்க குரோம் வைத்திருக்கும் காவல். பெயரை முதலில் ஐபி முகவரியாக மாற்றிக்கொண்டு இணைவது ஒரு வழி. சில செயலிகள் இதைத் தாமே செய்கின்றன. ஹோஸ்ட் ஹெட்டரை மாற்றி எழுதும் சிறிய ப்ராக்ஸி வைப்பது இன்னொன்று.

9222-க்குப் பாஸ்வேர்டு கிடையாது. அதை எட்ட முடிந்த எவரும் பிரவுசரை ஓட்டலாம், குக்கிகளை எடுக்கலாம், உங்கள் நெட்வொர்க்கில் உள்ள பக்கங்களைத் திறக்கலாம். கம்போஸ் கோப்பில் 'போர்ட்ஸ்' பகுதியில் அதை எழுதவே கூடாது. செயலியும் பிரவுசரும் மட்டும் இருக்கும் தனி டாக்கர் நெட்வொர்க் ஒன்றே போதும். அதற்குள் பேச போர்ட்டை வெளியிட வேண்டியதில்லை. சோதிப்பதற்காகத் திறந்துவிட்டு அப்படியே மறந்துவிடுவதுதான் ஆபத்து.

தயாராகக் கிடைக்கும் இமேஜ்களில் மூன்று குடும்பங்களைச் சொல்லலாம். பிரவுசர்லெஸ் போர்ட் 3000-ல் கேட்கிறது, டோக்கன் வைக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை அமர்வு, எத்தனை வரிசையில் காத்திருக்கலாம், எவ்வளவு நேரத்தில் வெட்டிவிட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அமைப்பு உண்டு. சிறிய சர்வரில் ஒரே நேர எண்ணிக்கையை இரண்டுக்கு இறக்கிவிட்டாலே பாதி ஓஓஎம் பிரச்சினை நிற்கும். அதன் உரிமம் எஸ்எஸ்பிஎல். வீட்டுப் பயன்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லை, தொழிலுக்கு வைப்பவர்கள் படித்துவிட வேண்டும். பிரவுசரை நிரலால் ஓட்டும் இன்னொரு கருவியான செலினியத்தின் இமேஜ் 4444-ல் கேட்கும், 2 ஜிபி எஸ்எச்எம் கொடுக்கச் சொல்லி அவர்களே பரிந்துரைக்கிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது 7900 போர்ட்: சாதாரண பிரவுசரில் அதைத் திறந்தால் உள்ளே ஓடும் குரோமை நேரடியாகப் பார்க்கலாம். காத்திருக்கும் பட்டனை மறைத்துக்கொண்டு ஒரு குக்கி அனுமதிப் பெட்டி நிற்பதை லாக் சொல்லாது, கண் சொல்லும். மூன்றாவது பிளேரைட்டின் சொந்த சர்வர். அதற்கும் செயலிக்கும் பதிப்பு ஒத்துப்போக வேண்டும். ஆகவே பிரித்தாலும் பிணைப்பு விடவில்லை. குரோமின் டிபக் நெறிமுறை வழியாக இணைந்தால் பிணைப்பு தளரும், ஆனால் அது குரோமிய வகைப் பிரவுசர்களுக்கு மட்டும், சில வசதிகளும் குறையும்.

பிரித்த பிறகுதான் தெரியும் செலவுகள் சில உண்டு. பிரவுசர் பதிவிறக்கும் கோப்பு பிரவுசரின் கன்டெய்னரில் விழும், செயலி தன் கோப்புறையில் தேடி "கோப்பு இல்லை" என்று சொல்லும். பொதுவான வால்யூம் ஒன்று வேண்டும், இரண்டு பக்கமும் பயனர் எண் ஒத்துப்போக வேண்டும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று செயலி சொல்லும் முகவரியைத் திறக்கப்போவது பிரவுசர் என்பதால், அது பிரவுசர் கன்டெய்னரையே குறிக்கும். சொந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கும் செயலிகளில் வெற்றுப் பக்கம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது, அநாதையாகும் டேப்கள். செயலி நடுவில் செத்தால் அது திறந்த டேப்களை மூட ஆள் இல்லை. ஒரே கன்டெய்னராக இருந்தபோது எல்லாம் சேர்ந்து போயிருக்கும். இப்போது பிரவுசர் உயிரோடு இருந்து அவற்றைச் சுமந்துகொண்டே இருக்கும். செலினியம் 300 விநாடி அசைவில்லாத அமர்வைத் தானே வெட்டும். வெறும் குரோமியத்தில் அப்படி எதுவும் இல்லை, தினமும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யும் கிரான் வரி போட்டுவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தொங்கிப்போன பிரவுசரும் ஒரு சிக்கல். 'ரீஸ்டார்ட்' விதி கன்டெய்னர் நின்றால்தான் வேலை செய்யும். ஹெல்த்செக் (கன்டெய்னர் நலமா என்று டாக்கர் அவ்வப்போது பார்க்கும் சோதனை) தோற்று 'அன்ஹெல்தி' என்று குறிக்கப்பட்டாலும் வெறும் டாக்கர் அதைத் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. ஹெல்த்செக் எழுதினால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். ஆனால் தொடக்கத்தில் அது உதவும்: 'டிபெண்ட்ஸ்-ஆன்' என்று மட்டும் எழுதினால் பிரவுசர் கன்டெய்னர் தொடங்கியதும் செயலியும் தொடங்கிவிடும், பிரவுசர் தயாராகும்வரை காத்திருக்காது. 'சர்வீஸ்-ஹெல்தி' என்ற நிபந்தனையைச் சேர்த்தால்தான் காத்திருக்கும்.

எப்போது இதுவே சரி: ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளுக்குப் பிரவுசர் வேண்டும், தெரியாத தளங்களைத் திறக்கிறீர்கள், அல்லது செயலி விழுந்தால் அதோடு வேறு முக்கியமான வேலையும் நிற்கிறது.

## வழி 3: ஹோஸ்டிலோ விர்ச்சுவல் மெஷினிலோ நேரடியாக

64 எம்பி சிக்கல் இங்கே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு எளிதாகக் கிடைக்கும். ஒரு தளத்தில் கையால் லாகின் செய்து, அந்த ப்ரொஃபைலை நெடுநாள் வைத்திருக்க வேண்டும் என்றால் இதைவிட வசதியான இடம் இல்லை. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸாக எழுதி 'மெமரி-மேக்ஸ்' கொடுத்தால் நினைவக வரம்பும் கிடைக்கும், விழுந்தால் எழுப்பும் வசதியும் கிடைக்கும். டாக்கர் இல்லாவிட்டால் கட்டுப்பாடு இல்லை என்று நினைக்கத் தேவையில்லை.

சாண்ட்பாக்ஸ் இங்கே இயல்பாக ஓடும் என்று எதிர்பார்ப்பீர்கள். உபுண்டு 23.10-லிருந்து, சாதாரணப் பயனர் யூசர் நேம்ஸ்பேஸ் உருவாக்குவதை ஆப்ஆர்மர் (செயலிகளின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் அமைப்பு) வழியாகக் கட்டுப்படுத்தும் வசதி வந்தது; 24.04-ல் அது இயல்பாகவே இயங்குகிறது. முறையாக நிறுவிய குரோமுக்கு அனுமதி உண்டு. பப்பட்டீரோ பிளேரைட்டோ உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் பதிவிறக்கிய குரோமியத்துக்கு இல்லை. 'பயன்படுத்தத்தக்க சாண்ட்பாக்ஸ் இல்லை' என்ற பிழை வந்தால், அந்தப் பாதைக்கு ஒரு ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் எழுதுங்கள். கட்டுப்பாட்டை சிஸ்டம் முழுவதற்கும் அணைக்காதீர்கள்.

விலை என்னவென்றால், பிரவுசர் எந்தப் பயனராக ஓடுகிறதோ அவர் படிக்கும் எல்லாவற்றையும், எஸ்எஸ்எச் சாவி உட்பட, அதுவும் எட்டும். தனிப் பயனர் கட்டாயம். லைப்ரரி சார்புகளும் சிஸ்டம் அப்டேட்டோடு மாறிக்கொண்டே இருக்கும். புதிய கணினிக்கு மாறும்போது எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டும். ஹைப்பர்வைசர் வைத்திருப்பவர்கள் சிறிய விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் இதை வைத்தால் பிரிப்பும் கிடைக்கும், ஸ்னாப்ஷாட்டும் கிடைக்கும். அதற்கு ஒதுக்கும் ரேம் மட்டும் நிரந்தரமாகப் போகும்.

## வழி 4: பிரவுசர் இல்லாமல்

இதை யாரும் முதலில் கேட்பதில்லை, கேட்க வேண்டும். உங்களுக்கு வேண்டிய தகவல் ஒரு எண்ணோ ஒரு பட்டியலோ என்றால், கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். பக்கம் அந்த எண்ணை ஜேசன் வடிவில் எங்கிருந்தோ வாங்குவது தெரியலாம். சில தளங்களுக்கு ஆர்எஸ்எஸ் ஓடை இன்னும் இருக்கிறது. நேரடியாக அதைக் கேட்டால் சில நூறு எம்பி பிரவுசருக்குப் பதில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். பிடிஎஃப் வேலையிலும், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத சொந்த ஹெச்டிஎம்எல் என்றால் வீஸிபிரிண்ட் போன்ற கருவி பிரவுசரே இல்லாமல் செய்துவிடும். தளம் தன் உள் முகவரியை மாற்றினால் ஸ்கிரிப்ட் சொல்லாமல் உடையும் என்பது இதன் குறை. ஜாவாஸ்கிரிப்ட்டால் மட்டுமே உருவாகும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் வேண்டும் என்றால் இந்த வழி கிடையாது.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | அதே கன்டெய்னர் | தனி கன்டெய்னர் | ஹோஸ்ட் / விஎம் | பிரவுசர் இல்லாமல் |
|---|---|---|---|---|
| விழுந்தால் | செயலியும் சேர்ந்து பாதிக்கப்படும் | அந்த வேலை மட்டும் | சிஸ்டம்டி எழுப்பும் | விழ ஏதுமில்லை |
| நினைவகம் | செயலிக்கு ஒரு பிரவுசர் | பலருக்கு ஒரு பிரவுசர், அநாதை டேப் சேரும் | விஎம் என்றால் ரேம் நிரந்தரமாகப் போகும் | மிகக் குறைவு |
| பதிப்புப் பிணைப்பு | இறுக்கம், ஆனால் ஒரே இடம் | வழியைப் பொறுத்தது | சிஸ்டம் அப்டேட்டோடு மாறும் | தளத்தோடு மட்டும் |
| பாதுகாப்பு | செயலியின் தரவும் அதே அறையில் | நல்ல பிரிப்பு, 9222 மூடியிருந்தால் | தனிப் பயனர் கட்டாயம் | ஆபத்து குறைவு |
| கண்ணால் பார்ப்பது | ஸ்கிரீன்ஷாட், லாக் மட்டும் | செலினியத்தில் 7900 | எளிது | தேவையில்லை |

## யாருக்கு எது

ரேம் 2 ஜிபி உள்ள சின்ன போர்டு என்றால் நான்காவது வழியிலிருந்து தொடங்குங்கள். அது முடியாதபோது ஒரே கன்டெய்னர், ஒரு நேரத்தில் ஒரு பக்கம். ராஸ்ப்பெரி பை ஓஎஸ்ஸில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கர்னலில் மெமரி சிகுரூப் (நினைவக வரம்பை அமல்படுத்தும் வசதி) இயல்பாக அணைந்திருக்கும், அதனால் கம்போஸில் நீங்கள் எழுதும் நினைவக வரம்பு செல்லாது. 'டாக்கர் இன்ஃபோ' கொடுத்தால் கடைசியில் எச்சரிக்கை வரும். பூட் கட்டளைக் கோப்பில் 'சிகுரூப்-எனேபிள்' மெமரி என்று சேர்த்து ரீபூட் செய்தால்தான் வரம்பு உயிர்பெறும். இதைச் செய்யாமல் விட்டால், ஒரு கனமான பக்கம் மொத்த போர்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

8 ஜிபி, 16 ஜிபி உள்ள மினி பிசியில் பக்கம் கண்காணிக்கும் செயலியும் புக்மார்க் சேமிக்கும் செயலியும் இரண்டும் ஓடுகின்றன என்றால் தயங்காமல் பிரியுங்கள். நான் அங்கே 2 ஜிபி வரம்பு, 1 ஜிபி எஸ்எச்எம், ஒரே நேரத்தில் இரண்டு அமர்வு என்று தொடங்குவேன். 'டாக்கர் ஸ்டாட்ஸ்' பார்த்து அப்புறம் ஏற்றி இறக்குவேன். புக்மார்க் செயலி எந்த யுஆர்எல்லையும் திறக்கும் என்பதால் பிரவுசருக்குத் தனி நெட்வொர்க் கொடுத்து, அதிலிருந்து வீட்டு ஐபி வரம்புக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்துவிட வேண்டும். டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதுவதால் இந்தத் தடையை 'டாக்கர்-யூசர்' என்ற சங்கிலியில் போட வேண்டும். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவில் மட்டும் போட்டால் கன்டெய்னர் போக்குவரத்துக்கு அது செல்லாது.

லாகின் நிலைதான் உங்களுக்கு உயிர் என்றால் மூன்றாவது வழி. ப்ரொஃபைலை கன்டெய்னர் வால்யூமில் வைத்து ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பூட்டு நீக்கிக்கொண்டிருப்பதைவிட அது நிம்மதி.

மாறுவதென்று முடிவு செய்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரை முதலில் தொடாதீர்கள். இப்போது ஓடும் இமேஜின் டைஜஸ்ட்டை (அந்த இமேஜை மட்டுமே குறிக்கும் மாறாத அடையாளத்தை) குறித்துக்கொள்ளுங்கள். 'லேட்டஸ்ட்' என்ற டேக் நாளைக்கு வேறொன்றைக் குறிக்கும். புதிய பிரவுசர் கன்டெய்னரைப் பக்கத்தில் எழுப்பி, செயலி கன்டெய்னருக்குள்ளிருந்து 'கர்ல்' வைத்து ஜேசன்/வெர்ஷன் முகவரியைக் கேளுங்கள். பதிப்பு எண் வந்தால் இணைப்பு சரி. ஹோஸ்ட் ஹெட்டர் பிழை வந்தால் என்ன செய்வது என்று மேலே சொல்லியிருக்கிறேன். அப்புறம், முன்பு விழுந்த அதே கனமான பக்கத்தைத் திறந்து பாருங்கள், வெறும் சோதனைப் பக்கத்தை அல்ல. அது தாங்கினால் செயலியின் அமைப்பில் முகவரியை மாற்றுங்கள். பழைய இமேஜை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.